பவுன்தாய்க்கு ஒரு பின்சீட்டு

டிசம்பர் 14, வியாழன்

வண்டி வந்துவிட்டது. மதுரை ஷோரூமில் சாவியோடு ஒரு டைரியும் கொடுத்தார்கள். போகும் ஊர்களை எழுதி வைத்துக்கொள்ளவாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் 'அண்டா நாலு, கரண்டி பதினாறு' வகைதான். சின்னமனூரில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுபவனுக்கு அதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது? இருந்தாலும் நல்ல தாள், வீணாகக் கூடாது.

நீல வண்டி. ஸ்போர்ட் டூரிங் என்கிறார்கள். விரட்டினால் பறக்குமாம், நாள் முழுக்க ஓட்டினாலும் இடுப்பு வலிக்காதாம். முன்னால் காற்றைத் தடுக்கக் கண்ணாடி, பின்னால் இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி. ஞாயிற்றுக்கிழமை மார்கழி பிறக்கிறது, அதற்கு முன் எடுத்தாக வேண்டும் என்று ஷோரூம்காரரை அரித்து எடுத்துவிட்டேன். மதுரையிலிருந்து அவர்கள் ஆளே ஓட்டி வந்தான். நான் பஸ்ஸில் பின்னால் வந்தேன். புது வண்டியைத் தெரிந்தவன் ஓட்டுவதுதான் முறை.

ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்: இதை எனக்காக வாங்கவில்லை. என் மனைவி பவுன்தாய்க்காக வாங்கினேன். எங்கள் ஒரே மகள் சுகப்பிரியாவைப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து வீட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். பவுனுக்கு மலைப்பாதை ஆகாது. பஸ், கார், ஜீப் எதில் போனாலும் மூன்றாவது வளைவில் வாந்தி. எலுமிச்சம்பழம், மாத்திரை, வயிற்றில் செய்தித்தாள், முன்சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. மறுவீட்டு விருந்துக்குப் போனவள் சம்பந்தி வீட்டுக் கட்டிலில் படுத்தவள்தான், இலையில்கூட உட்காரவில்லை. பிறகு போகவே இல்லை. 'சம்பந்திக்கு நம்ம வீடு பிடிக்கலை போல' என்று அங்கே ஒரு பேச்சு. இப்போது மகள் மாசமாக இருக்கிறாள். தை மாதம் வளைகாப்பு. தாய் போய் வளையல் போட வேண்டாமா?

மூடின வண்டியில்தானே குமட்டுகிறது, காற்றோட்டமாகப் போனால்? ஷோரூம்காரரும், "பின்னால உக்காருறவங்களுக்கு சோபா மாதிரி இருக்கும் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன்.

டீக்கடை நவநீதனிடம் இதைச் சொன்னபோது ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்திவிட்டு, "அப்ப நீங்க மாட்டிருக்குற தோல் ஜாக்கெட்டும் மதினிக்குத்தாண்ணே?" என்றான்.

பவுன் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏங்க, ஏறுறதுக்கு ஏணி தரலையா?"

அவள் என்னைவிட நாலு விரல் உயரம். கல்யாண போட்டோவிலேயே என்னைப் பலகை மேல் நிற்க வைத்துத்தான் எடுத்தார்கள்.

டிசம்பர் 15, வெள்ளி

இன்று ஓட்டவில்லை. டயர் புதிது, கொஞ்சம் பழகட்டும்.

டிசம்பர் 16, சனி

இன்றும் ஓட்டவில்லை. மேகமூட்டம்.

டிசம்பர் 18, திங்கள்

ஓட்டினேன்! உத்தமபாளையம் வரை. ஓடும்போது வண்டி அன்னம் மாதிரி போகிறது. நிற்கும்போதுதான் பிரச்சினை. பஸ் நிலையத்துக்கு முன்னால் நிறுத்திக் காலை ஊன்றினேன். தரை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வண்டியும் நானும் ஒரே பக்கமாக, அவசரமே இல்லாமல், மெதுவாகச் சாய்ந்தோம். காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் வந்து முதலில் வண்டியைத் தூக்கினார்கள். அப்புறம் என்னை.

பெட்டியில் ஒரு கீறல். பவுன் கேட்டாள். பூனை என்று சொன்னேன்.

"நல்லா நகம் வளத்துருக்கு பூனை" என்று உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 21, வியாழன்

ஒரு யோசனை செய்தேன். கால் எட்டவில்லை என்றால் காலை நீட்ட முடியாது, பூட்ஸை உயர்த்தலாம் அல்லவா? செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து அடியில் லாரி டயர் ரப்பர் இரண்டு அடுக்கு ஒட்டி வாங்கினேன். போட்டு நின்றபோது பவுனுக்குச் சமமாக இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மாள் எட்டிப் பார்த்தார்.

புறப்பட்டேன். முதல் கியர் விழுந்தது. இரண்டாவதுக்குக் கால் விரலைக் கியருக்கு அடியில் நுழைத்துத் தூக்க வேண்டும். நுழையவில்லை. பூட்ஸ் அவ்வளவு தடிமன். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை வரை முதல் கியரிலேயே போய்விட்டு முதல் கியரிலேயே திரும்பி வந்தேன். வழியில் ஒரு சைக்கிள்காரர் என்னை முந்தும்போது, "என்ன வனராஜ், சாமி ஊர்வலமா?" என்று கேட்டார்.

டிசம்பர் 24, ஞாயிறு

மெக்கானிக் சீட்டு ஸ்பாஞ்சைச் செதுக்கி, பின்னால் ஸ்பிரிங்கையும் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தான். பழைய பூட்ஸிலேயே இப்போது நுனிக்கால் எட்டுகிறது.

இன்று கம்பம்மெட்டுப் பாதை. சும்மா போகவில்லை. மகள் வீட்டுக்கு வளைவு குறைவான வழி எது என்று பார்க்கத்தான் போனேன். மார்கழியில் கல்யாணம் இல்லை, கடையில் அண்டாக்கள் கவிழ்ந்து தூங்குகின்றன. இப்போது பார்க்காமல் எப்போது பார்ப்பது?

கம்பம் தாண்டித் திராட்சைத் தோட்டங்களுக்குப் பக்கத்தில் ரோடு நேராக மலையைப் பார்த்து ஓடுகிறது. பிறகு திடீரென்று தலையைத் தூக்குகிறது. வளைவில் வண்டியைச் சாய்க்க வேண்டும் என்பார்கள். நான் சாய்க்கவில்லை, கோயில் தேரைத் திருப்புவதுபோல் நிமிர்ந்தபடியே திருப்பினேன். நாலைந்து வளைவுக்குப் பிறகு வண்டி தானாகவே சாய்ந்தது. நானும் வேறு வழியில்லாமல் அதோடு சாய்ந்தேன். அடடா! அதை எப்படி எழுதுவது? ஊஞ்சல் போய்த் திரும்பும் இடத்தில் வயிற்றில் ஒன்று வருமே, அது.

மேலே நிறுத்திக் கீழே பார்த்தேன். பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. நெல், தென்னை, பந்தல் பந்தலாகத் திராட்சை. நாற்பது வருடமாக நானும் பந்தல் போடுகிறேன், இப்படி ஒரு பந்தல் போட்டதில்லை. பவுனுக்குக் காட்ட போட்டோ எடுத்தேன். என் கட்டை விரல் மட்டும் தெளிவாக விழுந்திருக்கிறது.

வளைவுகளை எண்ண மறந்துவிட்டேன். அதனால் இன்னொரு நாள் போக வேண்டியிருக்கும்.

டிசம்பர் 27, புதன்

மகள் பிரியா போனில் பேசினாள். வளைகாப்பு ஜனவரி இருபத்து நாலு. வளையல் போட்டு அன்றைக்கே அவளை நம் வீட்டுக்கு அழைத்து வரலாம். சம்பந்தியம்மாள் போனை வாங்கி, "பவுன்தாய்க்கு முடியாட்டா சின்னம்மா யாராவது வந்து போடட்டும். நாங்க ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றார்.

நினைக்க மாட்டோம் என்று யார் சொன்னாலும் நினைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

பவுன், "நான் வர்றேன் மதினி" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகு என்னிடம், "எப்படியாச்சும் கூட்டிட்டுப் போயிருவீகள்ல?" என்றாள்.

"அதுக்குத்தானே வண்டி" என்றேன்.

டிசம்பர் 31, ஞாயிறு

குமுளிப் பாதையைப் பார்த்தேன். அதுவும் வளைகிறது, சுற்றும் அதிகம். லோயர்கேம்ப் தாண்டிக் காட்டுக்குள் ரோட்டில் வெயில் சில்லறை கொட்டினது மாதிரி கிடந்தது. ஒரு குரங்கு என் கையுறையை எடுத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தது.

முடிவு: வளைவில்லாத மலைப்பாதை கடவுள் இன்னும் போடவில்லை. போடிமெட்டு வழியேதான்.

ஜனவரி 3, புதன்

வண்டிக் கண்ணாடிகள் இரண்டும் வானத்தைப் பார்த்துக் கிடக்கின்றன. நேற்றும் அப்படித்தான். நான் திருப்பி வைத்தால் மறுபடி மேலே போய்விடுகின்றன. தெருப் பையன்கள் ஏறி விளையாடுகிறார்கள் போல. பவுனிடம் சொன்னேன். "நான் வெரட்டி விடுறேன்" என்றாள்.

பெட்ரோலும் சீக்கிரம் இறங்குகிறது. பெரிய வண்டி, குடிக்கத்தான் செய்யும்.

ஜனவரி 7, ஞாயிறு

ஒத்திகை. பவுனைப் பின்னால் ஏற்றிப் போடி போய், மலையடிவாரத்து முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தோஷமாகத்தான் வந்தாள். "நல்லாத்தாங்க இருக்கு. சோபா பொய்யில்ல."

முதல் வளைவு. "ஒண்ணும் செய்யல."

இரண்டாவது வளைவு. பேச்சில்லை.

மூன்றாவது வளைவில் என் தோளைத் தட்டினாள். நான் நிறுத்துவதற்குள் ஜாக்கெட்டின் முதுகுப் பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது.

ரோட்டோரக் கல்லில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். கீழே போடி ஊர் அழகாகத் தெரிந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. "புது ஜாக்கெட்டு" என்றாள். "துணிதானே" என்றேன். தோல் என்று இத்தனை நாள் நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஜனவரி 9, செவ்வாய்

பொங்கல் ஆர்டருக்குப் பாத்திரம் விளக்கினோம்.

ஜனவரி 12, வெள்ளி

பவுன் போய் வளையல் வாங்கி வந்தாள். பச்சை, சிவப்பு, மஞ்சள். டஜன் டஜனாகக் கட்டில் மேல் பரப்பிப் பிரியாவின் பழைய வளையல் அளவோடு வைத்துப் பார்த்தாள். பிறகு சாதாரணமாக, "நீங்க கொண்டு போங்க. எந்தங்கச்சி போடட்டும். பிள்ளை எப்படியும் சாயங்காலம் இங்க வந்துரும்ல" என்றாள்.

"நீ வர்றேன்னு சொல்லிருக்கியே."

"சொன்னா? வாந்தி எடுத்த கையோட வளையல் போடவா?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கடைக்கு வந்து, ஏற்கெனவே விளக்கின அண்டாவை மறுபடி விளக்கினேன்.

ஜனவரி 17, புதன்

இன்று நடந்ததைப் பொறுமையாக எழுத வேண்டும்.

நான் தினமும் விடியலில் நடக்கப் போய், நவநீதன் கடையில் டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வெயில் வந்த பிறகுதான் வீடு திரும்புவேன். இன்று காணும் பொங்கல், கடை பூட்டு. போனவுடனே திரும்பினேன். வாசலில் வண்டி இல்லை!

கத்திக்கொண்டே தெருவில் ஓடினேன். கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் காலி மைதானத்தில் சத்தம் கேட்டது. என் வண்டிச் சத்தம், சந்தேகமே இல்லை. மூச்சு வாங்கப் போய்ப் பார்த்தால், ஒரு திருடன் மைதானத்தில் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறான். என்னமாய்ப் போடுகிறான்! சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்து. நான் மூன்று வாரமாக முயன்றும் வராத எட்டு. திருடன் பிரியாவின் பழைய சுடிதாரைப் போட்டிருந்தான்.

என்னைப் பார்த்ததும் வண்டி நின்றது. இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்றின. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "டீ குடிக்கலையா?" என்று கேட்டது.

"பவுனு! இதெல்லாம் எப்ப?"

"மார்கழி பெறந்ததுலருந்து. நீங்க டீ குடிக்கப் போற நேரம்."

அப்போதுதான் கண்ணாடிகள் ஏன் வானத்தைப் பார்த்தன என்று புரிந்தது. அவள் உயரத்துக்கு அவை சரியாகத்தான் இருந்தன. தெருப் பையன்களை இரண்டு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"உனக்கு எப்படி ஓட்டத் தெரியும்?"

"எங்கப்பாவோட ராஜ்தூத் பைக்க நான்தானே தோட்டத்துக்கு ஓட்டுவேன். லைசென்ஸ்கூட இருக்கு, உங்களுக்கு முந்தி எடுத்தது. கடை மொபெட்டுல அண்டாவக் கட்டிக்கிட்டு ஊரெல்லாம் போறேனே, அது எப்படின்னு நெனச்சீக?"

"ராஜ்தூத் ஓட்டுனத எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"சரி, இத எதுக்கு எடுத்த?"

வண்டியின் டேங்கைத் தடவிக்கொண்டு, "ஆசைதான். வேறென்ன" என்றாள்.

மண்டபத் திண்டில் உட்கார்ந்தோம். அவள்தான் ஆரம்பித்தாள். அன்றைக்கு மூன்றாவது வளைவில் குமட்டியபோதே ஒரு நினைப்பு வந்ததாம். ராயப்பன்பட்டிப் பக்கம் மேடும் பள்ளமுமாக வளைகிற மண்ரோட்டில் அவளே மொபெட்டை ஓட்டிப் போகிறாள், ஒருநாள்கூடக் குமட்டியதில்லை. அடுத்தவர் ஓட்டும்போது மட்டும்தான். "எந்தப் பக்கம் திரும்பப் போவுதுன்னு எனக்கே தெரிஞ்சா வயிறு சும்மாருக்கு. தெரியலைன்னாத்தான் பெரட்டுது."

போடி பஜார் கண்முன் வந்தது. ஜவுளிக்கடை வாசல், பஸ் ஸ்டாண்டு, கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தனை பேர். எல்லோருக்கும் நடுவே புது வண்டியின் பின்சீட்டில் நான், பெஞ்சாதியின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"போடி தாண்டுற வரைக்கும் நான் ஓட்டுறேன்" என்றேன்.

"சரிங்க."

"முந்தல்ல மாத்திக்கலாம்."

"மலையில எனக்கு முடியலைன்னா அங்கயே எறக்கி விட்டுட்டு நீங்க போயிருங்க. வளையல் போய்ச் சேரணும்" என்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

ஜனவரி 20, சனி

தை முகூர்த்தம். கடை சாமான் எல்லாம் வெளியே. ஒத்திகைக்கு நேரமில்லை.

நவநீதன், "மதினி எப்படிண்ணே மலை ஏறப் போறாங்க?" என்றான். வண்டியில் என்றேன். பொய் இல்லை.

ஜனவரி 24, புதன்

இடது பெட்டியில் வளையல். வலது பெட்டியில் புளியோதரையும் அவள் பட்டுப் புடவையும். சொந்தக்காரர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள். போடி பஜாரில் நான் ராஜா மாதிரி ஓட்டினேன். முந்தலில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தி, ரோட்டில் யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பவுன் ஏறிக் கண்ணாடிகளைத் திருப்பினாள்.

முதல் வளைவு. இரண்டாவது. மூன்றாவது வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. வளைந்தோம். வண்டி சாய்ந்து எழுந்தது.

"பவுனு, வயிறு எப்படி இருக்கு?"

"பேசாம வாங்க, எதுக்க லாரி."

நாலாவது. ஐந்தாவது. இருட்டு அறையில் யாரோ விளக்குப் போட்ட மாதிரி எனக்குள் ஒன்று ஆனது. அவள் முதுகு விறைப்பாக இல்லை. ஏதோ பாட்டை முனகிக்கொண்டு போனாள்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். இதே பாதையில் எத்தனையோ முறை வந்திருக்கிறேன், வண்டி ஓட்டினால் ரோட்டைத்தான் பார்ப்பேன், பஸ்ஸில் வந்தால் தூங்குவேன். பாறையிலிருந்து நூல் நூலாக இறங்கும் தண்ணீர், நாம் வந்த ரோடு அடுக்கடுக்காகக் கீழே மடிந்து கிடப்பது, நம் காலுக்குக் கீழே நகரும் மேகம். எல்லாவற்றையும் பின்சீட்டில் உட்கார்ந்தவன்தான் பார்க்க முடியும். ஷோரூம்காரர் சொன்ன சோபாவில் நான் சாய்ந்துகொண்டேன்.

அதிகம் சாய்ந்துவிட்டேன் போல. பதினோராவது வளைவில் வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. பன்னிரண்டாவதில் அவள் தோளைத் தட்டினேன்.

"என்னங்க?"

"நிறுத்து. பெரட்டுது."

"யாருக்கு?"

"எனக்கு!"

ரோட்டோரம் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். இத்தனை வருடம் பட்ட பாட்டுக்கெல்லாம் சேர்த்துச் சிரித்தாள் என்று நினைக்கிறேன். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினாள். "மோந்துக்கிட்டே வாங்க. எட்டத்துல ஒரு எடத்தப் பாத்துக்கிட்டு உக்காருங்க."

போடிமெட்டில் குளிர் முகத்தில் அறைந்தது. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் ஏலக்காடு, காற்றே பாயசம் மாதிரி மணந்தது. தோட்டத்துக்குப் பிரியும் பாதையில் வண்டியை நிறுத்தினாள். அங்கிருந்து மருமகன் வீட்டு ஓடு தெரிந்தது. வாசலில் பந்தல், ஆட்கள்.

"இனி நீங்க ஓட்டுங்க" என்றாள்.

"ஏன்?"

"சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் நிக்கிறாக. உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். ரெண்டு வளைவுதான், கண்ண மூடிக்கிறேன்."

இறங்கினேன். உண்மையில் ஓட்டத்தான் இறங்கினேன், டைரியிடம் என்ன வெட்கம்? கைப்பிடியில் கை வைத்தபோது அவளைப் பார்த்தேன். மலை ஏறி வந்த முகம். சிவந்து, தெளிந்து, பசியோடு இருந்தது. இரண்டு வளைவில் இந்த முகம் வெளுத்துவிடும். வாசலில் போய் மறுபடி கட்டிலைத் தேடும்.

"இந்த மேட்டுல எனக்குக் கால் எட்டாது" என்று சொல்லி மறுபடி பின்னால் ஏறிக்கொண்டேன்.

பந்தலுக்கு முன்னால் போய் நின்றபோது மேளக்காரரே ஒரு நொடி நிறுத்திவிட்டார். சம்பந்தியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டு வந்தார். "நீங்களா ஓட்டிட்டு வந்தீக?"

"ஆமா மதினி. புடவை மாத்த எடம் வேணும், சோறும் வேணும். நல்ல பசி."

"அண்ணனுக்கு என்ன, மூஞ்சி பச்சையா இருக்கு?"

"அவுகளுக்கு மலை ஒத்துக்கல" என்றாள் பவுன். பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சம்பந்தியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். போகும்போதே, "என்னையும் ஒரு ரவுண்டு கூட்டிப் போகணும்" என்பது என் காதில் விழுந்தது.

பவுன்தான் முதல் வளையல் போட்டாள். பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். "யம்மா, வண்டியில வந்தியாம்மா? நெசமாவா?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பவுன் தலைவாழை இலை போட்டு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நான் அந்த வீட்டுக் கட்டிலில் படுத்துக்கொண்டு மோர் குடித்தேன்.

ஜனவரி 25, வியாழன்

நேற்றைய மிச்சம். பிரியாவை மருமகன் ஜீப்பில் மெதுவாகக் கூட்டி வந்தார். பிள்ளைக்குத் துணையாக நானும் ஜீப்பில் வந்தேன். அதுதான் காரணம், வேறில்லை. பவுன் வண்டியைத் தனியாக எடுத்து வந்தாள்.

போடிமெட்டு இறங்கும்போது பின்னால் ஹாரன் கேட்டது. நீல வண்டி எங்களைத் தாண்டி வளைவில் சாய்ந்து போனது. மருமகன், "மாமா, அத்தை நம்மள முந்துறாங்க" என்றார். பிரியா இரண்டு கை வளையலும் குலுங்கக் கைதட்டினாள். "மெதுவா போ பவுனு!" என்று கத்தினேன். காற்றில் யாருக்குக் கேட்கும்? கீழே ஒவ்வொரு மடிப்பிலும் அந்த நீலம் தெரிந்து மறைந்து தெரிந்தது. ஜீப்பில் யாருக்கும் குமட்டவில்லை. எல்லோருக்கும் அதைத் தேடுவதே வேலையாக இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் சின்னமனூர் வந்தோம். தெருவே எங்கள் வாசலில் நின்றது, நவநீதன் உட்பட. பிள்ளையை வரவேற்க பவுன் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றாள். ஹெல்மெட்டில் கலைந்த தலை, சுடிதாரை மாற்றக்கூட இல்லை. மகளுக்குச் சுற்றித் திலகம் வைத்தவள், பின்னால் எலுமிச்சம்பழத்தோடு இறங்கிய என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏன் இம்புட்டு நேரம்?"